வாடை திரும்பியதும் பாக் விரிகுடா

ஐப்பசி பிறந்து சில நாள் கழித்துப் பாம்பன் பாலத்தின் மேல் நின்று கீழே பார்த்தால் கடல் திசை மாறியிருப்பது தெரியும். ஆடியிலும் ஆவணியிலும் மன்னார் வளைகுடாவிலிருந்து வடக்கே பாய்ந்துகொண்டிருந்த நீர், இப்போது பாக் விரிகுடாவிலிருந்து தெற்கே இறங்கும். ஏற்றவற்றத்துக்கு ஏற்ப நாளுக்குள் அது கூடும், குறையும், சில மணி நேரம் எதிர்த்தும் ஓடும். பருவத்தின் மொத்தக் கணக்கு மட்டும் தெற்கு நோக்கியதாகவே இருக்கும். நிறமும் முன்புபோல் இராது. கண்ணாடிபோல் அடி தெரிந்த இடங்களில் சாம்பலும் பழுப்புமாய்க் கலங்கல் நிற்கும். விரிகுடாவில் வலை போடுகிறவர்களுக்கு ஆண்டின் இரண்டாம் பாதி அந்தக் கணத்திலிருந்து தொடங்குகிறது.

தமிழின் பழைய பருவக் கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். குளிர்நாடுகளின் இலையுதிர்காலத்தில் நீர் குளிர்ந்ததும் மீன்கூட்டங்கள் தெற்கே இடம்பெயரும். மீன்பிடிப்பவர்கள் அந்த நகர்வைத் துரத்திப் போவார்கள். நம் விரிகுடாவிலும் நீர் சற்றுக் குளிரத்தான் செய்கிறது. ஆனால் இங்கே மீன் எங்கே நிற்கும், வலை எங்கே நிற்கும், படகு போகலாமா கூடாதா என்பதையெல்லாம் காற்றும் மழையும்தான் முடிவு செய்கின்றன. அதனால் காற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

இந்தக் கரையில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. மேற்கிலிருந்து வருவது கச்சான், தெற்கிலிருந்து வருவது சோழகம், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இதே பெயர்கள்தான் புழங்குகின்றன. தென்மேற்குப் பருவம் வீசும் மாதங்களில் பாக் விரிகுடாவுக்குத் தமிழ்நாட்டு நிலப்பரப்பே மறைப்பாக நிற்கிறது. தனுஷ்கோடிப் பக்கத்தில் இந்த வடகடலைப் பெண் கடல் என்றும், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் சொல்வது அந்த மாதங்களின் அமைதியைப் பார்த்துத்தான். சராசரியாக அக்டோபர் 20 அளவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது இந்தப் பெயர்கள் பொருந்தாமல் போகின்றன. வாடையும் கொண்டலும் கலந்த காற்று வங்காள விரிகுடாவிலிருந்து பாக் நீரிணையின் திறந்த வாய் வழியாக நேரே உள்ளே நுழைகிறது. அமைதியாக இருந்த கடல் பொங்குகிறது. பொங்கிக்கொண்டிருந்த தென்கடல் தணிகிறது.

பொங்கும் விதத்தைக் கவனிக்க வேண்டும். பாக் விரிகுடா மிக ஆழமற்றது. பெரும்பாலான இடங்களில் 10 மீட்டரை ஒட்டித்தான் ஆழம். 15 மீட்டரைத் தாண்டும் இடம் அபூர்வம். ஓங்கிய தென்னை ஒன்றை அடியில் நட்டு வைத்தால் குருத்து நீருக்கு மேலே தெரியும். ஆழ்கடலில் அலை நீண்டு உயர்ந்து நீண்டு தாழும். படகும் அதனோடு ஏறி இறங்கிவிடும். இங்கே அலை குட்டையாக, செங்குத்தாக, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வருகிறது. படகின் முன்பகுதியான அணியம் ஓர் அலையில் இறங்கி எழுவதற்குள் அடுத்தது மேலே விழுகிறது. ஒரு மீட்டர் அலைதானே என்று வெளியூர்க்காரர்கள் எண்ணுவார்கள். அந்த ஒரு மீட்டர் அலை நான்கு நொடிக்கு ஒருமுறை அடித்தால் வத்தை என்னும் சிறிய படகில் நீர் இறைக்கவே ஓர் ஆள் வேண்டும். அதே அலை அடிச்சேற்றையும் கிளப்பிவிடுகிறது. கலங்கலுக்கு ஆற்று வெள்ளம் ஒரு காரணம். கடல் தன் அடியையே கிளறிக்கொள்வது மற்றொன்று.

மூன்று கரைகள், ஒரே காற்று

விரிகுடாவின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தெளிந்துவிடும். கோடியக்கரையில் சோழமண்டலக் கரை சட்டென்று மேற்கே மடங்குகிறது. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் வரையுள்ள அந்தத் துண்டு தெற்கு நோக்கியிருக்கிறது. அங்கிருந்து கரை தெற்கே திரும்பி, கட்டுமாவடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், தொண்டி, தேவிப்பட்டினம் என்று கிழக்கு நோக்கிப் போகிறது. கடைசியில் மண்டபமும் இராமேசுவரம் தீவும் விரிகுடாவை அடைத்தபடி வடக்கு நோக்கி நிற்கின்றன.

வாடை வீசும் நாளில் இந்த மூன்று கரைகளும் மூன்று வேறு கடல்கள். வடகரைக்குக் காற்று நிலத்திலிருந்து வருகிறது. அதிராம்பட்டினத்தில் கரையை ஒட்டிய சில கிலோமீட்டர் வரை நீர் அடங்கியிருக்கும்; சிறிய படகுகளுக்கு அது வேலை செய்யக்கூடிய இடம். ஆனால் அந்த அமைதி ஏமாற்றும். கரையை விட்டு விலக விலக அலை வளர்கிறது. திரும்பும்போது காற்றை எதிர்த்து வர வேண்டும். பழுதான எஞ்சினோடு அது முடியாது. படகு தெற்கே, இந்திய-இலங்கை எல்லைக் கோட்டுப் பக்கம் அடித்துச் செல்லப்படும். மேற்குக் கரையில் அலை கரைக்குச் சாய்வாக வந்து அடிக்கிறது. தொண்டி, நம்புதாளைப் பக்கத்தில் வெகுதூரம் வரை சேற்றுத் தரை என்பதால் அலை வழியிலேயே தன் வலுவை இழக்கிறது. கலங்கல் மட்டும் கரையோரம் நாள்கணக்கில் தங்கிவிடுகிறது. தென்கரையில்தான் அடி முழுவதும் விழுகிறது. நீரிணையிலிருந்து ஓடிவந்த அலை மண்டபம் வடகடலிலும் இராமேசுவரத்திலும் வந்து மோதுகிறது.

அதனால் தென்கரைக்காரர்கள் கடலையே மாற்றிக்கொள்கிறார்கள். மண்டபத்தில் வடக்கே ஒரு துறை, தெற்கே ஒரு துறை. காற்று திரும்பும் நாள்களில் படகுகள் பாம்பன் கால்வாயைக் கடந்து தென்பக்கம் போய்ச் சேரும். ரயில் பாலம் திறப்பதற்காகப் படகுகள் வரிசையில் காத்து நிற்கும் காட்சி இந்தப் பருவமாற்றத்தின் அடையாளம். தனுஷ்கோடி மணல்திட்டில் இதற்குக் கால்வாயும் தேவைப்படுவதில்லை. ஒரு பக்கக் கரையிலிருந்து மறுபக்கக் கரைக்கு நடந்து போகும் தூரம்தான். வாடைக்கு ஆண் கடல், கச்சானுக்குப் பெண் கடல்.

கோடியக்கரையில் இதற்கு நேர்மாறானது நடக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை அங்கே மீன்பிடிப் பருவம். நாகப்பட்டினம், காரைக்கால், கடலூர்ப் பக்கத்து மீனவர்கள் குடும்பத்தோடு வந்து கொட்டகை போட்டுத் தங்குகிறார்கள். முனையின் கிழக்கே அலை பொங்கினாலும் தெற்கே சுற்றி வந்தால் மறைப்பு கிடைக்கிறது. வங்காள விரிகுடாவின் கரையோர நீரோட்டம் இந்த மாதங்களில் தெற்கு நோக்கி ஓடி, முனையைத் தொட்டு விரிகுடாவுக்குள் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில் காலா, வாவல், திருக்கை, வாளை, நண்டு எல்லாம் கூடுகின்றன. நிலம் மடங்கும் இடத்தில் மீன் தங்கும் என்பது கரையோரத்தில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மழை செய்யும் வேலை

2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட நாள் எப்போதாவதுதான் வரும். என்றாலும் கூதிர்காலத்தில் இந்த விரிகுடாவுக்கு நன்னீர் எவ்வளவு திடீரென்று வந்துசேரும் என்பதற்கு அது அளவுகோல். வைகையின் எச்சம் ஆற்றங்கரை என்னும் ஊர்ப் பக்கம் கடலைத் தொடுகிறது. வெள்ளாறும் அக்னியாறும் அம்புலியாறும் மேற்குக் கரையில் கலக்கின்றன. காவிரிப் பாசனத்தின் கடைக்கோடி வடிகால்களெல்லாம் பாமணியாறு, கோரையாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் இறங்குகின்றன.

நன்னீர் இலேசானது, உப்புநீரின் மேல் படர்ந்து நிற்கும். பெருமழைக்கு மறுநாள் மேற்பரப்பில் வலை போட்டு வெறுங்கையோடு திரும்புவதற்கு அதுவே காரணம். மீன் கீழே உப்புநீரில் இருக்கிறது, அல்லது வெளியே நகர்ந்துவிட்டது. இரண்டு, மூன்று நாள் பொறுத்தால் காற்று இரண்டு நீரையும் கலக்கிவிடும். அந்தப் பொறுமைக்குப் பலன் இறாலாக வருகிறது.

வெள்ளை இறாலின் வாழ்க்கை இரண்டு நீரில் கழிவது. முட்டை பொரிப்பது கடலில். குஞ்சு வளர்வது உப்பங்கழியிலும் அலையாத்தி ஓடைகளிலும். வளர்ந்தவை முட்டையிடக் கடலுக்குத் திரும்ப வேண்டும். மற்ற மாதங்களில் சிறுகச் சிறுக நடக்கும் அந்தப் பயணத்தை மழைவெள்ளம் ஒரேயடியாகத் தள்ளிவிடுகிறது. உப்பு குறைகிறது, முகத்துவாரத்தை மூடியிருந்த மணல் உடைகிறது, நீர் கடல் நோக்கி இழுக்கிறது. முகத்துவாரத்துக்கு வெளியே சேற்றுத் தரையில் இறால் திரளும் நாள்கள் அவை. டிஸ்கோ வலை என்று மீனவர்கள் அழைக்கும் மூன்றடுக்கு வலை இதற்கென்றே வந்தது. இரண்டு பக்கமும் பெரிய கண், நடுவே சிறிய கண்; இறால் நடுவலையைத் தள்ளிக்கொண்டு பெரிய கண்ணுக்குள் பையாய் விழுந்துவிடும். தெளிந்த நீரில் இதை இரவில்தான் போட வேண்டும். கலங்கல் நீரில் பகலிலும் போடலாம். கூதிரின் கலங்கலை நான் குறையாகப் பார்க்காததற்கு இது முதல் காரணம்: வலையை மறைக்க இருட்டு தேவையில்லை.

மடவைக்கும் இது வெளியேறும் காலம். கழியில் கொழுத்த பெரிய மடவைகள் முட்டையிடக் கடலுக்குப் போகின்றன. வற்று நீர் இழுக்கத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்தில் முகத்துவாரத்தின் ஓரம் நின்று வீச்சுவலை வீசுகிறவர்களுக்கு நல்ல மீன் கிடைக்கும். கழியின் வாயைக் குறுக்கே வலைகட்டி முழுதாக அடைப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. சினையோடு போகும் மீனை மொத்தமாக வாரினால் அடுத்த ஆண்டின் குஞ்சு எங்கிருந்து வரும்?

இறாலும் மடவையும் வெளியே வரும் வழியில் கொடுவா காத்திருக்கும். அது ஓடிப் பிடிக்கும் மீனன்று. மறைந்து நின்று தாக்கும் மீன். கலங்கிய நீரும் தெளிந்த நீரும் சந்திக்கும் கோடு அதற்குச் சுவர்போல. கலங்கல் பக்கம் நின்றுகொண்டு, தெளிவில் வரும் இரையை அடிக்கும். படகிலோ கரையிலோ தூண்டில் போடுகிறவர்கள் முதலில் தேட வேண்டியது அந்தக் கோட்டைத்தான். நுரையும் சருகும் ஒரே வரிசையில் மிதந்தால் கோடு அங்கே இருக்கிறது. உயிர் இறாலையோ சிறிய மடவையையோ இரையாகக் கோத்து, தெளிந்த பக்கத்திலிருந்து கலங்கல் பக்கம் நகரவிட வேண்டும். பலர் எதிராகச் செய்கிறார்கள்; முழுக் கலங்கலின் நடுவே பொம்மை இரையை வீசிக் கை ஓய்கிறார்கள். கலங்கலில் கண் வேலை செய்யாது, மணமும் அதிர்வும்தான் வேலை செய்யும். அங்கே சூடைத் துண்டு, வெட்டிய கணவாய் போன்ற மணமுள்ள இரை கெளிறு, கத்தாளை போன்ற மீன்களைக் கொண்டுவரும். பாறை, ஊளி மீன்கள் வேண்டுமென்றால் நீர் தெளிந்த தென்பக்கம் போவதுதான் வழி. காற்று முதுகில் அடிக்கும் தனுஷ்கோடித் தென்கரையில் இந்த மாதங்களில் தூண்டில் வெகுதூரம் போகும். ஈயத்தின் எடையைக் கூட்ட வேண்டிய தேவையும் இராது.

நண்டுக்குத் தனிக் கணக்கு. நீலக்கால் நண்டு பாக் விரிகுடாவின் பெரிய வருமானங்களில் ஒன்று. ஈயமணி கோத்த வலையை மாலையில் தரையோடு நிறுத்திவிட்டு விடியலில் எடுப்பார்கள். வாடைக் காலத்தில் இதற்குப் பெரும் தொல்லை தாழை. இந்த விரிகுடாவின் அடியில் பரந்துகிடக்கும் கடற்புல்லை மீனவர்கள் தாழை என்பார்கள். அலை அதைப் பிடுங்கி மிதக்கவிடுகிறது, நீரோட்டம் அதை வலைக்குள் திணிக்கிறது. வலை முழுதும் தாழை அடைத்தால் கண் மூடிவிடும், வலை படுத்துவிடும், நண்டு மேலேறிப் போய்விடும். கரைக்கு வந்த பிறகு அதைப் பிரித்தெடுப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. நண்டைக் கால் முறியாமல் எடுக்க வேண்டும், தாழையை உதற வேண்டும், கிழிந்த கண்ணைக் குறித்துவைக்க வேண்டும். ஒரு படகின் வலைக்கு முற்பகல் முழுவதும் போய்விடும். கடலில் செலவான மணியை மட்டும் உழைப்பாகக் கணக்கிடுகிறவர்கள் இந்த மணல்மேல் நடக்கும் வேலையைப் பார்க்க வேண்டும்.

தாழையைக் குறைக்க ஒரு வழி பிறையைப் பார்ப்பது. அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றவற்றம் கூடுதல், இழுப்பும் கூடுதல். இங்கே நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான் என்றாலும் ஆழமற்ற தரையில் அந்த இழுப்பு வலையைச் சாய்க்கப் போதும். அட்டமியை ஒட்டிய நாள்களில் நீர் மந்தம். தரைவலை நிமிர்ந்து நிற்கும். முகத்துவாரத்தில் மடவையும் கொடுவாவும் தேடுகிறவர்களுக்கோ இழுப்புள்ள நாள்களே வேண்டும். ஒரே பிறை ஒருவருக்கு ஓய்வு, இன்னொருவருக்கு வேலை.

நாளுக்குள்ளும் ஒரு சாளரம் உண்டு. மழைத் தொகுதி கடந்துபோன பிறகு மூன்று, நான்கு நாள் வானம் வெளுக்கும். அப்போது இரவில் குளிர்ந்த நிலத்திலிருந்து மெல்லிய கரைக்காற்று வீசி, விடியலில் மேற்குக் கரைக் கடல் படிந்திருக்கும். வெயில் ஏற ஏற வாடைக்கொண்டல் வலுக்கும். மூன்று மணிக்குப் புறப்பட்டு ஒன்பது மணிக்குள் கரை சேர்வது இந்த மாதங்களின் நல்ல கணக்கு. ஓரா மீன், கணவாய் போன்றவற்றுக்குத் தெளிந்த நீர் வேண்டும். அவற்றை இப்போது தேடிப் போவது எரிபொருளுக்குக் கேடு.

கடல் பின்வாங்கும்போது

கூதிர்காலத்துப் பாக் விரிகுடாவில் போகாமல் இருக்கத் தெரிவதும் தொழிலின் பகுதி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரைகடந்த கஜாவும் இந்தப் பருவத்தின் வாடைக்காலப் புயல்கள்தான். கஜாவில் கடலுக்குப் போகாமல் மல்லிப்பட்டினம் துறையில் கட்டியிருந்த படகுகளே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கின.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டைப் பத்திரிகைகள் எண்ணோடு சொல்லும். எண்ணின் பொருளை எப்போதும் சொல்வதில்லை. 1 என்றால் தொலைவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகியிருக்கிறது; 2 என்றால் தொலைவில் அது புயலாகிவிட்டது. 3, 4 ஏறினால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும். 5 முதல் 7 வரை புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதைச் சொல்லும் அபாய அறிவிப்பு. 8 முதல் 10 வரை அதே செய்தி, கடும் புயலுக்கு. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது. ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் அலை உயரம், காற்று, மீன் கூடக்கூடிய பகுதி ஆகியவற்றை நாள்தோறும் வெளியிடுகிறது. இந்த விரிகுடாவுக்கு அலை உயரத்தைவிட இரண்டு அலைகளுக்கு இடைப்பட்ட நொடிகளைப் பார்ப்பதுதான் முக்கியம். ஏனென்று முன்பே சொன்னேன்.

இன்னொரு அறிகுறியைக் கடலே காட்டும். வடக்கிலிருந்து பலத்த காற்று நீடித்து வீசினால், வடகரையின் ஆழமற்ற நீரை அது தெற்கே தள்ளிக்கொண்டு போய்விடும். கரையில் சேற்றுத் தரை வெளுத்துத் தெரியும், படகுகள் தரைதட்டி நிற்கும், கடல் உள்வாங்கியது என்று மக்கள் திரண்டு வருவார்கள். பூகம்பத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆழமில்லாத தட்டில் தண்ணீரை ஊதினால் ஒரு பக்கம் ஒதுங்குவதைப் போன்றது. ஆனால் காற்று திரும்பினால் அந்த நீரும் திரும்பும். அப்போது சேற்றில் இறங்கிச் சிப்பியும் நண்டும் பொறுக்கிக்கொண்டிருப்பது ஆபத்து.

மேற்சொன்ன எல்லாம் நாட்டுப்படகை மனத்தில் வைத்துச் சொன்னவை. விசைப்படகுகளுக்கு இந்த விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுகளுக்கு நான்கு நாள் என்று ஏற்பாடு உண்டு. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு இழுவைவலை இழுக்கக்கூடாது என்பது 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு. புயலால் நாள்கள் வீணாகும் கூதிர்காலத்தில்தான் இந்தக் கோடுகள் அதிகம் மீறப்படும் சோதனை வருகிறது. கிடைத்த ஒரு நல்ல நாளில் எல்லோரும் ஒரே இடத்துக்கு ஓடுவார்கள். இழுவைவலை தாழைப் படுகையைச் சுரண்டிவிட்டால் இறாலும் நண்டும் ஒதுங்க இடமில்லை. கடலுக்கு அப்பால் வடஇலங்கை மீனவர்களின் வலைகளும் இந்த மாதங்களில்தான் நம் இழுவைப்படகுகளில் சிக்கிக் கிழிகின்றன. அவர்களுக்கும் நம்மைப்போலவே வாடை திரும்பியதும் வருவது இறால், நண்டுப் பருவம். வலை போனால் பருவமே போயிற்று. இலங்கை 2017-இல் இழுவைமடியைச் சட்டப்படி தடை செய்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்று இங்கே அழைக்கப்படும் அந்த உயிர் தின்பது தாழையைத்தான். அதற்காகக் காக்கப்படும் படுகைதான் இறாலுக்கும் நண்டுக்கும் ஓராவுக்கும் வீடு. அதனால் அந்த அறிவிப்பை மீனவருக்கு எதிரானது என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை.

மார்கழி முடியும்போது மழை ஓய்ந்துவிடும். ஆறுகள் சுருங்கி, முகத்துவாரங்களில் மணல் மறுபடி ஏறத் தொடங்கும். தையின் நடுவில் ஒரு காலையில் தொண்டிக் கரையில் இடுப்பளவு நீரில் நின்றால் தன் பாதம் தெரியும். அன்றைக்கு டிஸ்கோ வலையைக் கழுவி உலர்த்திச் சுருட்டி வைப்பார்கள். ஓராவுக்கான வலை வீட்டிலிருந்து வெளியே வரும்.